மைக் செட்டும் மூன்றாவது பின்னும்

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்று செயலாளர் சொன்னார். வாரம் முழுக்க நான் அம்பத்தூரில் வேலை பார்க்கும் இன்ஜினியர். சனி, ஞாயிறுகளில் நண்பர்களோடு சேர்ந்து விழாக்களுக்கு ஒலி அமைத்துக் கொடுக்கிறேன். கலைவிழா என்றால் மைக் செட் வேலையெல்லாம் மாணவர்கள் தலையில்தான் விழும். அதனால் அதைப் பற்றியே பேசிவிடலாம் என்று வந்திருக்கிறேன்.

நூம்பலில் படிக்கிறவர்களுக்கு மைக் செட் என்றால் என்ன என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆடி பிறந்துவிட்டால் திருவேற்காட்டில் இருந்து பூந்தமல்லி வரை தெருவுக்குத் தெரு அம்மன் பாட்டுத்தான். அந்தக் குழாய் ஸ்பீக்கர்களை எப்படி இணைப்பார்கள் தெரியுமா? ஆம்ப்ளிஃபையர் ஒரு மேசை மேல் இருக்கும். அதிலிருந்து 100 வோல்ட் லைன் என்று ஒரு ஜோடி ஒயர் கிளம்பிக் கம்பம் கம்பமாகப் போகும். ஒவ்வொரு குழாயிலும் ஒரு சின்ன டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். அந்த லைனும் தொட்டுப் பார்க்கிற சமாசாரம் இல்லை. ஆனால் 230 வோல்ட் கரண்ட் அந்த மேசையோடு நின்றுவிடும்.

இப்போது வந்திருப்பது பவர்டு ஸ்பீக்கர். தன் வயிற்றுக்குள்ளேயே ஆம்ப்ளிஃபையரை வைத்திருக்கும் பெட்டி. ஒரு ஆளே தூக்கிவிடலாம். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் கவனிப்பதில்லை. பெட்டிக்குப் பெட்டி ஒரு கரண்ட் ஒயர் போயாக வேண்டும். மேசையோடு நின்ற 230 வோல்ட், மைதானத்தின் நாலு மூலைக்கும் போய்விட்டது. நவம்பர், டிசம்பரில் நம் மைதானம் எப்படி ஈரமாகக் கிடக்கும் என்று உங்களுக்கே தெரியும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

முதலில் பெட்டியை எங்கே வைப்பது? பேசுகிறவருக்கு முன்னால், கூட்டத்தின் தலைக்கு மேலே, கூட்டத்தைப் பார்த்தபடி. பெட்டியின் வாய் மைக்கைப் பார்த்தால் அது கூவத்தான் செய்யும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்துப் பாடினாலும் கூவும். முன்னால் வருவதை மட்டும் கேட்பதற்காகச் செய்த மைக், பொத்தினால் நாலு பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடுகிறது.

"பின்னாடி கேக்கலை, சவுண்டை ஏத்து" என்பார்கள். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் ஒலி 6 டெசிபெல் குறையும். ஆம்ப்ளிஃபையரின் வாட்டை இரண்டு மடங்காக்கினாலும் கிடைப்பது 3 டெசிபெல்தான். ஆக, முன்வரிசையின் காதைக் கிழித்துப் பின்வரிசைக்குக் கேட்கவைக்க முடியாது. பாதி தூரத்தில் இன்னொரு ஜோடி பெட்டி வைப்பதுதான் வழி. ஒலி ஒரு நொடிக்குச் சுமார் 345 மீட்டர்தான் போகும். 30 மீட்டர் தள்ளி வைத்த பெட்டிக்குச் சுமார் 87 மில்லி செகண்ட் தாமதம் கொடுத்தால், இரண்டு ஒலியும் ஒன்றாகச் சேர்ந்து வார்த்தை தெளிவாகக் கேட்கும்.

பெட்டியின் பின்பக்கம் மைக், லைன் என்று ஒரு சுவிட்ச் இருக்கலாம். மிக்சரில் இருந்து வந்தால் லைனில் வையுங்கள். மைக்கில் வைத்தால் சத்தம் கரகர என்று உடையும். "ஸ்பீக்கர் கிழிஞ்சிடுச்சு" என்று வரும் புகார்களில் பல இந்தச் சுவிட்ச்தான். போடும்போது மிக்சர் முதலில், பெட்டி கடைசியில். அணைக்கும்போது பெட்டி முதலில். கடைசியில் வந்தவர் முதலில் போக வேண்டும், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எல்லாம் மாட்டியாகிவிட்டது, ஆனால் பெட்டியில் "ம்ம்ம்" என்று ஓர் இரைச்சல். மிக்சருக்கு ஓர் இடத்தில் எர்த், பெட்டிக்கு வேறோர் இடத்தில் எர்த். இரண்டுக்கும் சின்ன வோல்டேஜ் வித்தியாசம் இருக்கும். அது சிக்னல் ஒயரின் மேலுறைக் கம்பி வழியாக ஓடும்போது 50 ஹெர்ட்ஸ் கரண்டே நமக்குப் பாட்டாகக் கேட்கிறது.

உடனே யாராவது ஓர் அனுபவசாலி வருவார். "எர்த் பின்னைக் கழட்டுப்பா, நின்னுடும்" என்பார். கழற்றினால் நிற்கும், உண்மைதான். இரைச்சலோடு சேர்ந்து காவலும் போய்விடும். பிறகு ஏதோ ஒரு பெட்டிக்குள் இன்சுலேஷன் போனால், கரண்ட் பின்தகட்டுக்கு வரும், முன் ஜாலிக்கு வரும், சிக்னல் ஒயரின் மேலுறை வழியாக மிக்சருக்கு வந்து அங்கிருந்து மைக்குக்கும் வரும். உதட்டை மைக்கில் வைத்து, கையில் கிட்டார் கம்பியைப் பிடித்திருக்கும் பிள்ளையின் உடம்புதான் அப்புறம் எர்த் ஒயர்.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. 1972 மே மாதம் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்ஸீ நகரில், ஸ்டோன் த குரோஸ் என்ற இசைக்குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். நம் மூன்று பின் பிளக்கில் எர்த் பின் மட்டும் ஏன் நீளமாகவும் தடிமனாகவும் இருக்கிறது? மாட்டும்போது அது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விட வேண்டும். அதை வெட்டிப் போட நமக்கு என்ன உரிமை?

இரைச்சலைக் கண்டுபிடிக்க நேர்வழி இருக்கிறது. பெட்டியின் வால்யூமை இறக்கிவிட்டுச் சிக்னல் ஒயரைக் கழற்றுங்கள், மறுபடி ஏற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் பெட்டி நல்ல பெட்டி, குறை வருகிற வழியில். மிக்சரில் ஒவ்வொரு சேனலாக இறக்குங்கள், எதில் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி. பெரும்பாலும் பாட்டு போடும் லேப்டாப்பாக இருக்கும். சார்ஜரைப் பிடுங்கினதும் நின்றால் சந்தேகமே இல்லை. பேட்டரியில் ஓட்டுங்கள், அல்லது டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் வழியாகக் கொடுங்கள். மிக்சருக்கும் பெட்டிகளுக்கும் ஒரே போர்டில் இருந்து கரண்ட் எடுங்கள், லைட் செட்டுக்குத் தனி லைன். மிக்சரில் இருந்து பெட்டிக்கு மூன்று பின் எக்ஸ்.எல்.ஆர். ஒயரே போடுங்கள். அதில் ஒரே சிக்னல் நேராகவும் தலைகீழாகவும் இரண்டு கம்பியில் போகிறது. வழியில் ஏறும் இரைச்சல் இரண்டிலும் ஒரே மாதிரி இருப்பதால், கடைசியில் கழிந்துவிடும்.

இன்னொன்று, பிளக் போடும் முன் மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். டெஸ்டர் எரிகிறதே என்று நம்பாதீர்கள். டெஸ்டர் பேஸ் இருக்கிறது என்று சொல்லுமே தவிர, எர்த் இருக்கிறது என்று சொல்லாது. எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டுப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும், பேஸுக்கும் எர்த்துக்கும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் அளக்கச் சொல்லுங்கள். முதல் இரண்டும் 230 பக்கம் இருக்க வேண்டும், மூன்றாவது சில வோல்ட்டுக்குள். மூன்று பேஸ் லைனில் நியூட்ரல் கழன்றால் ஒரு பக்கம் 400 வோல்ட் வரைக்கும்கூட ஏறும். ஒரு மண்டபத்தில் ஜெனரேட்டருக்கு மாற்றிய நிமிஷத்தில் அப்படித்தான் இரண்டு பெட்டிகள் புகைந்தன. ஊர் பேர் வேண்டாம். அன்று போனது பெட்டியோடு போயிற்று.

மீட்டர் சரியாகக் காட்டினாலும் எர்த் பலமாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதனால்தான் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேண்டும் என்கிறேன். கசிவு வந்தால் கண் இமைக்கும் நேரத்தில் லைனை வெட்டிவிடும். அது அடிக்கடி விழுகிறது என்று அதைச் சுற்றிக்கொண்டு நேர் ஒயர் இழுக்காதீர்கள். விழுகிறது என்றால் எங்கோ கசிகிறது என்று அது கத்துகிறது.

சட்டத்தையும் ஒரு வரி சொல்லிவிடுகிறேன். 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. சுற்றிலும் வீடுகள் இருக்கின்றன, அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளும் இருப்பார்கள்.

கடைசியாக, எதிரே உட்கார்ந்திருக்கும் சீனியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு வருஷமும் சங்கத்தின் சார்பில் கேடயமும் கோப்பையும் கொடுக்கிறோம், நல்லதுதான். இந்த வருஷம் கல்லூரி மேடைக்கு எர்த்தும் ஆர்.சி.சி.பி.யும் உள்ள ஒரு நல்ல கரண்ட் போர்டு, நாலு தரமான மூன்று பின் எக்ஸ்டென்ஷன், ஒரு மீட்டர் இவற்றை வாங்கிக் கொடுப்போம். என் பங்கை இன்றே செயலாளரிடம் கொடுத்துவிட்டேன். தம்பி தங்கைகளே, நீங்கள் கொடுக்க வேண்டியது ஒரு வாக்குறுதி மட்டும்: எந்த அவசரத்திலும், யார் சொன்னாலும், அந்த மூன்றாவது பின்னில் கை வைக்க மாட்டோம் என்று.