வாத்து முட்டையிட மறுப்பதேன்?

கோழிமுட்டைக்குப் பிரசித்தி பெற்ற நாமக்கல் ஜில்லாவில், வெண்ணந்தூர்ப் பக்கம் கொல்லைப்புறத்தில் நாலைந்து வாத்து வளர்ப்போர், அவை திடீரென்று முட்டையிடாமற்போனால் கண்திருஷ்டியென்று விசாரப்படுமுன், விடிந்ததும் பட்டியைத் திறந்துவிடுகிறோமா என்று யோசிக்க வேண்டும். ஏனெனில், பின்னிரவிலும் விடியற்காலையிலுமே பெரும்பாலும் முட்டையிடும் சுபாவமுள்ள வாத்து, சீக்கிரம் வெளியேறினால், ஏரிக்கரைப் புல்லிலேயே இட்டுவிட்டு ஒன்றுமறியாததுபோல் திரும்பிவிடும். ஆகவே காலை 9 மணிவரை அடைத்து வையுங்கள்.

அப்படியும் முட்டை காணாவிட்டால், இறகு உதிர்கிறதா என்று கவனியுங்கள். உண்ட சத்தெல்லாம் புது இறகுக்கே செலவாகும் அப்பருவத்தில் சில வாரம் முட்டை நிற்பது இயற்கை.

இறகும் உதிரவில்லையெனில், தீனியாக வைக்கும் கடலைப்பிண்ணாக்கை உடைத்து முகர்ந்து பாருங்கள். பூசணம் பூத்த பிண்ணாக்கில் உண்டாகி, 1960-இல் இங்கிலாந்தில் வான்கோழிகளை ஆயிரக்கணக்கில் மாய்த்த அஃப்ளாடாக்ஸின் என்னும் விஷத்தை, கோழி ஓரளவு தாங்கினாலும், வாத்தின் ஈரல் தாங்காது. பச்சை படர்ந்த துண்டைத் தயங்காமல் குழியில் புதைத்துவிடுங்கள்.