முதல் மூன்று நாள் பொறுமை

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில், வண்ண மீன் வளர்க்கும் குழு உறுப்பினர் ஒருவர் பேசியது)



வண்ண மீன் வளர்ப்புக்குக் கடன் கேட்டு மூன்று குழுக்கள் தீர்மானம் போட்டிருப்பதாக நம்ம கணக்காளர் சொன்னாங்க. ரொம்ப சந்தோஷம். ஆனா மீன் வாங்க பஸ் ஏறுறதுக்கு முன்னாடி, நாங்க பட்ட அடியைக் கொஞ்சம் கேட்டுட்டுப் போங்க.

எங்கள் குழுவில் ஐந்து பேர் சேர்ந்து உள்கடன் வாங்கி, வீட்டுக்குப் பின்னால் சிமெண்ட் தொட்டி கட்டினோம். சென்னை கொளத்தூர் பக்கம் வண்ண மீன் பண்ணைகள் நிறைய உண்டு. அங்கே போய் கப்பி, மோலி, பிளாட்டி என்று 200 மீன் வாங்கி ராத்திரி பஸ்ஸில் வந்தோம். காலையில் இறங்கியதும், "பாவம், பசியோட இருக்குமே" என்று பையை அவிழ்த்து அப்படியே தொட்டியில் கொட்டினோம். ஆளுக்கு ஒரு கை தீவனமும் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் பாதிக்கு மேல் செத்து மிதந்தது. மீன் போச்சு, கடன் அப்படியே நின்றது. அந்த மாதத் தவணையை நோட்டில் எழுதும்போது எனக்குக் கை நடுங்கியது.

"கெட்ட மீனைக் கொடுத்து ஏமாத்திட்டாங்க" என்று முதலில் பண்ணைக்காரர் மேல்தான் கோபப்பட்டோம். பிறகு பயிற்சிக்குப் போனபோதுதான், தப்பு எங்கள் அவசரத்தில் இருந்தது என்று புரிந்தது.

முதலில் தண்ணீர். பஞ்சாயத்துக் குழாய்த் தண்ணீரில் ப்ளீச்சிங் பவுடர் கலந்திருக்கும். அது மீனின் செவுளை அரித்துவிடும். தொட்டியில் பிடித்து, காற்று மோட்டாரை ஓடவிட்டு ஒரு நாளாவது திறந்து வைக்கணும். போர் தண்ணீரையும் அதே மாதிரி ஆறப் போடணும்.

அடுத்தது பை. கட்டை அவிழ்க்காமல் 15 முதல் 20 நிமிடம் தொட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்க. வெயில் படக் கூடாது. இரண்டு தண்ணீரின் சூடும் ஒன்றாகும். பிறகு அவிழ்த்து, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றுங்க. மூன்று, நான்கு தடவை போதும். அவிழ்த்த பையை அதற்கு மேல் வைத்திருந்தால் உள்ளே இருக்கும் கழிவின் விஷம் ஏறும். கைவலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்க. பைத் தண்ணீர் ஒரு சொட்டுகூட தொட்டிக்குள் போக வேண்டாம்.

இனிமேல்தான் நமக்குச் சோதனை. சந்தையில் வாங்கி வந்த ஆடு முதல் நாள் தழையைக் கடிக்குதா? மிரண்டு ஒரு மூலையில் நிற்கும். மீனும் அப்படித்தான். முதல் நாள் தீவனமே போடாதீங்க. தொட்டி மேல் நிழல் இருக்கட்டும், பிள்ளைகள் தட்டி விளையாட வேண்டாம். நல்ல வளர்ந்த மீன் இரண்டு மூன்று நாள் சாப்பிடாவிட்டாலும் சாகாது. போட்ட தீவனம் அழுகினால்தான் சாகும்.

இரண்டாம் நாள் ஒரு சிட்டிகை போடுங்க. இரண்டு மூன்று நிமிடத்தில் தின்று தீர்க்கிற அளவுதான் கணக்கு. மிச்சத்தை ட்யூப் வைத்து உறிஞ்சி எடுத்துடுங்க. அப்பவும் வாய் வைக்காத மீனுக்கு, நல்ல தண்ணீரில் பிடித்த கொசுப்புழுவைக் கழுவிக் கொஞ்சமாகக் கொடுங்க. அது நெளிவதைப் பார்த்தாலே பாய்ந்து வரும். கொசுவாக மாற ஒரு புழுவையும் மிச்சம் விடாதீங்க.

ஏன் இவ்வளவு கணக்கு? மீன் கழிவும் மிச்சத் தீவனமும் அமோனியா என்ற விஷமாக மாறும். பழைய தொட்டியில் அதைச் சுத்தம் செய்யும் நல்ல கிருமிகள் இருக்கும். புதுத் தொட்டியில் அவை பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனும் கொஞ்சம், தீவனமும் கொஞ்சம். மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் தீவனத்தை நிறுத்துங்க. கால் பங்குத் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆறப்போட்ட தண்ணீரை விடுங்க. மொத்தத் தண்ணீரையும் ஒரே நேரத்தில் மாற்றாதீங்க.

இரண்டாம் தடவை நாங்க 30 மீன்தான் வாங்கினோம். 28 தங்கியது. அடுத்து வாங்கியதை இரண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே சேர்த்தோம். இப்போ எங்கள் கப்பிகள் ஏறக்குறைய மாதம் ஒரு தடவை குட்டி போடுது. பழைய கடனும் அடைஞ்சு போச்சு.

அதனால், கடன் தீர்மானத்தில் ஒரு வரி சேர்த்து எழுதுங்க: முதலில் தொட்டிக்கும் 30 மீனுக்கும் பணம், மீதி மீனுக்கு ஒன்றரை மாதம் கழித்து. அந்த ஒரு வரி எங்கள் நோட்டில் அன்னைக்கு இருந்திருந்தால், நான் இன்னைக்கு இந்தக் கதையைச் சொல்ல வேண்டி வந்திருக்காது.