காட்டைப் படிக்க ஆசைப்படும் பிள்ளைக்கும், பயப்படும் பெற்றோருக்கும்

(பிளஸ் டூ முடித்த பிள்ளைகளுக்காக நம் சங்கம் மொட்டை மாடியில் நடத்திய கூட்டத்தில், சி பிளாக்கில் வசிக்கும் காட்டுயிர் ஆய்வாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



போன வாரம் லிஃப்டில் ஒரு அம்மா, "சார், என் பொண்ணு காட்டுயிரியல்தான் படிப்பேன்னு அடம்பிடிக்கிறா. சோத்துக்கு வழி இருக்கா?" என்று கேட்டார். மூன்று மாடி இறங்குவதற்குள் பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. இது யானைக்குப் பின்னால் ஓடும் வேலை என்று நினைத்து வராதீர்கள். புலிக் கணக்கெடுப்பை எடுத்துக்கொள்வோம். நம் கைரேகை போல ஒவ்வொரு புலியின் வரிகளும் வேறு வேறு. தானியங்கி கேமராப் படங்களை வைத்து எந்தப் புலி எத்தனை முறை வந்தது என்று பார்க்கிறோம். அதிலிருந்து, கேமராவில் சிக்காத புலிகளையும் சேர்த்து மொத்தம் எத்தனை இருக்கும் என்று கணிப்பது புள்ளியியல். என் அனுபவத்தில் ஒரு மாதம் காட்டில் நடந்தால், மூன்று மாதம் கம்ப்யூட்டர் முன்னால்தான். கணக்குக்குப் பயந்து இந்தப் பக்கம் வருகிறாய் என்றால், தம்பி, கொஞ்சம் யோசி.

எங்கே படிக்கலாம்? மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியில் வனவியல் இருக்கிறது. ஊட்டி அரசு கலைக் கல்லூரியிலும், மயிலாடுதுறை அருகே மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியிலும் காட்டுயிரியல் உண்டு. விலங்கியல், தாவரவியல் முடித்தும் வரலாம். முதுகலைக்கு டேராடூனில் 1982இல் தொடங்கிய இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையம் ஆகியவை பெயர் பெற்றவை. இடங்கள் குறைவு, போட்டி அதிகம். சில படிப்புகளுக்கு ஆண்டுதோறும் சேர்க்கை நடப்பதில்லை. இப்போதே விசாரித்து வையுங்கள்.

ஐ.எஃப்.எஸ். அதிகாரியாகும் கனவு இருந்தால் ஒரு எச்சரிக்கை. அந்தத் தேர்வுக்கு எல்லாப் பட்டங்களும் செல்லாது. யு.பி.எஸ்.சி. அறிவிப்பில் பாடங்களின் பட்டியல் இருக்கும். உங்கள் பட்டம் அதில் இருக்கிறதா என்று கல்லூரியில் பணம் கட்டும் முன் பாருங்கள், கட்டிய பின் அல்ல.

இனி அந்த அம்மாவின் கேள்வி. நான் முதல் ஆறு ஆண்டுகள் ஒப்பந்த வேலையில்தான் இருந்தேன். திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. ஒருமுறை ஐந்து மாதம் சம்பளமே இல்லை. அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேஜையில் வங்கித் தேர்வு விண்ணப்பத்தை வைத்தார். என் சட்டைப் பையில் பஸ்ஸுக்குப் பணம் வைத்தார். விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்து அனுப்பினேன். தேர்வுக்கு முந்தைய வாரம் அடுத்த வேலை வந்தது. வராமல் போயிருந்தால் தேர்வை எழுதியிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

ஆகவே பெற்றோரே, படிப்பு முடிந்த பிறகும் சில ஆண்டுகள் பிள்ளையைத் தாங்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். முடியாதென்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகளே, காட்டுக்கு வெளியிலும் விலை போகும் திறமைகளைக் கூடவே வளர்த்துக்கொள்ளுங்கள்: புள்ளியியல், கணினியில் வரைபடம் தயாரிப்பது, தெளிவாக எழுதுவது. ஒரு கதவு மூடினால் இவை இன்னொன்றைத் திறக்கும். காட்டோரம் வாழும் மக்களிடம் பணிவாகப் பேசவும் பழகுங்கள். எனக்குத் தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பேராசிரியர் அல்ல, ஒரு இருளர் பெரியவர்.

இந்த ஆசை உண்மையா, டிவி பார்த்து வந்ததா? சோதிக்க ஒரு வழி சொல்கிறேன். நாளை காலை ஆறு மணிக்கு நம் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பதினைந்து நிமிடம் நில்லுங்கள். கண்ணில் பட்ட, காதில் விழுந்த பறவைகளை எண்ணி, 'ஈபேர்ட்' செயலியில் பதியுங்கள். செம்போத்து நிச்சயம் இருக்கும். இதை மூன்று மாதம், ஒரு நாளும் விடாமல் செய்யுங்கள். அதே காக்கை, அதே மைனா. அலுப்புத் தட்டும். தட்டிய பிறகும் மறுநாள் எழுந்து போகிறீர்களா? அப்படியென்றால் இந்த வேலை உங்களுக்கானது.

லிஃப்டில் கேட்ட அம்மாவுக்கு: வழி இருக்கிறது, ஆனால் சுற்றுவழி. உங்கள் பெண்ணை நாளை காலை கீழே அனுப்புங்கள். பைனாகுலர் நான் தருகிறேன்.