சீக்குக் கோழிக்குத் தண்ணியும் மருந்தும்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில், கால்நடைப் பயிற்சி பெற்ற உறுப்பினர் ஒருவர் பேசியது)



சேமிப்பு, கடன், வங்கி இணைப்பு பற்றி முன்னாடி பேசினவங்க நல்லா சொல்லிட்டாங்க. எனக்குக் கொடுத்த தலைப்பு கோழி. சிரிக்காதீங்க. மிளகு வித்த காசும் காபி வித்த காசும் நிறைய வீட்டில் ஆம்பளைங்க கைக்குத்தான் போகுது. கோழி வித்த காசு, முட்டை வித்த காசு நம்ம முந்தானை முடிச்சில் இருக்கு. குழுச் சந்தாவும் தவணையும் பல வாரம் அதிலிருந்துதான் வருது. அந்தக் கோழி ஒரு நாள் காலையில் இறக்கையைத் தொங்கப் போட்டு மூலையில் நின்னா, நாம என்ன செய்யணும்? அதைத்தான் சொல்ல வந்தேன்.

முதல் விஷயம் தண்ணி. சீக்கு வந்த கோழி தீனியையும் விடும், தண்ணியையும் விடும். தீனி இல்லாமல் ஓரிரு நாள் தாக்குப் பிடிக்கும். தண்ணி இல்லாமல் அப்படித் தாங்காது. நல்லா இருக்கிற பெட்டைக்கோழி ஒரு நாளைக்குச் சுமாராகக் கால் லிட்டர் தண்ணி குடிக்கும். கழிச்சல் வந்துட்டா உடம்பில் இருக்கிற தண்ணியும் வெளியே போயிடும். அதனால் மருந்து தேடி ஓடுவதற்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க.

கோழியைத் தனியாகப் பிரிச்சுப் பஞ்சாரத்தில் போடுங்க. கீழே சாக்கு விரிச்சு, நம்ம மலைக் குளிர் தாக்காத இடமாக, அடுப்புப் புகையும் படாத இடமாக வைங்க. ஒரு லிட்டர் ஆறின வெந்நீரில் தலை தட்டின ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. குழந்தைக்கு வயித்தாலே போனால் கரைச்சுக் கொடுப்போமே, அதே கணக்கு. அன்னன்னைக்குப் புதுசாகக் கரைக்கணும். கழுத்தைக் குனிய முடியாத கோழிக்குத் தட்டைத் தரையில் வைக்காமல், ஒரு செங்கல் மேலே அலகு எட்டுற உயரத்தில் வைங்க. விரலால் தண்ணியைத் தட்டிக் காட்டினால் சில கோழி தானாகக் குடிக்கும். குடிக்கலைன்னா அலகு நுனியை மட்டும் நனைச்சு விடுங்க. மூக்கு ஓட்டை தண்ணிக்குள் போகக் கூடாது.

அப்பவும் குடிக்கலைன்னாதான் கையால் கொடுக்கணும். இங்கேதான் ரொம்பக் கவனம் வேணும். கோழிக்கு நம்மைப்போல உறிஞ்சிக் குடிக்க வராது. அலகில் அள்ளித் தலையைத் தூக்கித்தான் உள்ளே இறக்கும். அதோட நாக்குக்குப் பின்னாலேயே மூச்சுக்குழாயின் வாய் இருக்கு. அலகைத் திறந்து பார்த்தால் சின்ன ஓட்டை மூச்சு விடவிட மூடித் திறப்பது உங்களுக்கே தெரியும். சங்கடையில் குழந்தைக்கு ஊத்துற மாதிரி மளமளன்னு ஊத்தினால் தண்ணி அதுக்குள் போய் நுரையீரலில் இறங்கிடும். சீக்கில் பிழைக்க வேண்டிய கோழி மூச்சுத் திணறிச் செத்துப்போகும்.

சரியான முறை இது. கோழியைத் துணியில் சுத்தி மடியில் வைச்சுக்கோங்க. மல்லாத்தக் கூடாது. தலை இயல்பாக நிமிர்ந்து இருக்கட்டும். ஊசி கழட்டின சிரிஞ்சை எடுத்து, அலகின் பக்கவாட்டு ஓரத்தில் இரண்டு மூணு சொட்டு விடுங்க. அது முழுங்குற வரைக்கும் காத்திருங்க. முழுங்கின பிறகு அடுத்த சொட்டு. ஒரு தடவைக்குப் பத்து மில்லி போனாலே பெரிய கோழிக்குப் போதும். இரண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுங்க. இருமினால், குமிழி விட்டால் உடனே நிறுத்துங்க. தலை துவண்டு, முழுங்க முடியாமல் கிடக்கும் கோழிக்கு வாயில் எதுவும் ஊத்தாதீங்க. கழுத்துக்குக் கீழே இருக்கிற தீனிப்பை தண்ணியாக உப்பிக் கிடந்தாலும் ஊத்தாதீங்க.

மருந்தைத் தண்ணியில் கலந்து வைச்சால், சீக்குக் கோழி குடிக்கிறதே கொஞ்சம், மருந்தும் கொஞ்சம்தான் போகும். அதனால் அதுக்குத் தனியாகக் கையால் கொடுக்கணும். மாத்திரையோ பச்சிலையோ, கேழ்வரகுக் களியில் பிசைஞ்சு மிளகு அளவு உருட்டி, நாக்கின் மேலே உள்பக்கமாக வைச்சு, அலகை மெதுவாக மூடிக் கழுத்தை நீவி விட்டால் இறங்கிடும். கீழாநெல்லி, சீரகம், மிளகு, மஞ்சள், பூண்டு, சின்ன வெங்காயம் அரைச்சு உருட்டிக் கொடுக்கிற வழக்கம் நம்ம பக்கம் இருக்கு. கொடுங்க, ஆனால் அதையே நம்பி நாளைக் கடத்தாதீங்க. மனுசங்க மாத்திரையை உடைச்சுப் போடாதீங்க. டாக்டர் சொன்ன மருந்தை, சொன்ன அளவில், சொன்ன நாள் வரைக்கும் கொடுங்க. முட்டையை எத்தனை நாள் சாப்பிடக் கூடாதுன்னும் அவர்கிட்டேயே கேளுங்க.

எங்க ஊரில் ஒரு அத்தை வீட்டு அடைக்கோழி இப்படிச் சுருண்டு கிடந்தது. மூணு நாள் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். நாலாம் நாள் தானாக எழுந்து குடிச்சது. அந்தக் கோழிக்கு வந்தது சாதாரணக் கழிச்சல். அதனால் பிழைச்சது.

வெள்ளைக்கழிச்சல் அப்படி இல்லை. பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து திருகிக்கும், ஒரே வாரத்தில் ஊரே காலியாகும். ராணிக்கெட் நோய்ன்னு சொல்றாங்களே, அது இதுதான். வடக்கே இமயமலைப் பக்கம் ராணிக்கெட்னு ஒரு ஊர். 1920களின் கடைசியில் அங்கே இந்த நோயைக் கண்டாங்க. ஊர்ப் பேரே நோய்க்கும் ஆச்சு. இது வைரஸ் கிருமி. வந்த பிறகு குணமாக்க மருந்து கிடையாது. தண்ணி கொடுத்துப் பார்க்கலாம், அவ்வளவுதான். வராமல் தடுக்கத்தான் வழி இருக்கு.

குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரம் தண்ணியில் ஒரு தடவை. எட்டாவது வாரம் இறக்கை அடியில் ஊசி. தண்ணியில் கொடுக்கிற நாளில் விடியற்காலையில் ஒரு மணி நேரம் தண்ணி காட்டாமல் பஞ்சாரத்திலேயே அடைச்சு வைங்க. வெளியே விட்டால் ஓடைத் தண்ணியைக் குடிச்சிட்டு வந்திடும். பிளீச்சிங் பவுடர் போட்ட தண்ணி ஆகாது. பிளாஸ்டிக் தட்டில் வைச்சு, இரண்டு மணி நேரத்துக்குள் குடிச்சு முடிக்கணும். தீவனம்போலத் தூவுற குருணைத் தடுப்பு மருந்தையும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் கண்டுபிடிச்சிருக்கு. கிடைக்குமான்னு மருந்தகத்தில் கேளுங்க.

மலைக்குக் கீழே நாமக்கல் பண்ணைகளில் தேதி தவறாமல் தடுப்பூசி போடுறாங்க. அதே மாவட்டத்தில் மேலே இருக்கிற நம்ம கோழிக்கு ஏன் விட்டுப்போகுது? ஒரு குப்பியில் நூறு கோழிக்கு மருந்து இருக்கு. உடைச்சால் இரண்டு மணி நேரத்தில் தீர்க்கணும். நம்ம வீட்டில் இருப்பது பத்துக் கோழி. எழுபது கொண்டை ஊசி வளைவும் ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, பத்துக் கோழிக்குப் போட்டு மீதியைக் கொட்ட யாருக்கு மனசு வரும்? ஆனால் பத்து வீடு சேர்ந்தால் நூறு கோழி. பத்து வீடு சேருவதுதானே குழு?

அதனால் ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்க. யார் வீட்டில் எத்தனை கோழி, எத்தனை குஞ்சு, போன தடவை ஊசி போட்ட தேதி, இதை மாதக் கூட்டத்தில் எழுதுங்க. பிப்ரவரியில் அரசு நடத்தும் கோழிக்கழிச்சல் தடுப்பூசி முகாமுக்கு முன்கூட்டியே எண்ணிக்கை கொடுங்க. கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962, அதையும் அட்டையில் எழுதி வைங்க.

கடைசியாக ஒன்னு. ஒரு வீட்டில் கோழி சாய்ந்தால் மறைக்காதீங்க. அவசரமாகச் சோளக்காடு சந்தைக்குத் தூக்கிட்டுப் போகாதீங்க. அந்தக் காசு இன்னொரு தங்கச்சி வீட்டுப் பஞ்சாரத்தைக் காலி பண்ணிடும். செத்ததை ஓடையில் வீசாமல் ஆழமாகக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைங்க. நல்ல கோழிக்கு முதலில் தீனி வைங்க, சீக்குக் கோழியைக் கடைசியாகப் பாருங்க, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்க.

 எல்லார் வீட்டுப் பஞ்சாரமும் நிறைஞ்சிருக்கட்டும்.