வாசல் தேடிச் சென்ற சங்கம்



1908இல் வாஷிங்டன் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவியர் தொடங்கிய சங்கம் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா. பட்டம் பெற்றதோடு அவர்கள் நின்றுவிடவில்லை. 1935 கோடையில் டாக்டர் டோரதி ஃபெரபீ தலைமையில், மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திக் காடுகளில் வாரத்துக்கு உழுத கறுப்பினக் குடும்பங்களுக்கு மருத்துவம் பார்க்கப் போனார்கள்.

உழைப்பாளிகள் மருத்துவ முகாமுக்குப் போகக்கூடாது என்று பண்ணை முதலாளிகள் தடுத்தார்கள். சங்கத்துப் பெண்கள் திரும்பிவிட்டார்களா? இல்லை! தங்கள் கார்களையே மருத்துவமனையாக்கிப் பண்ணைக்குள் போனார்கள். குழந்தைகளுக்குத் தொண்டை அடைப்பானுக்கும் பெரியம்மைக்கும் தடுப்பூசி போட்டார்கள். 1942 வரை இப்பணி நீடித்தது.

பிழைக்க வந்த ஊரில் சங்கம் வைத்திருக்கிறோம் நாம். ஆண்டு விழாவுக்கு மட்டுமா சங்கம்? ஒருநாள் கூலி போய்விடுமே என்று ஆஸ்பத்திரிக்குப் போகாத நம் தாய்மார்களின் வாசலுக்கு நாம் போவோம்!