பிரிவுகள் இருக்கின்றன, பணம் எங்கே?

இந்தக் கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலைப் புரட்டிப் பார்த்தேன். கட்டுரைகளில் பெரும்பாலானவை பெண்களுக்கு எதிரான வன்முறையைத் தடுக்கும் சட்டப் பிரிவுகளை ஆராய்கின்றன. பணத்தைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் குறையைத் தலைமை உரையில் கொஞ்சம் ஈடுகட்டப் பார்க்கிறேன்.

2012 டிசம்பரில் டெல்லியில் நடந்த கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2013 பட்ஜெட்டில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம் 1,000 கோடி ரூபாயில் நிர்பயா நிதியை அறிவித்தார். அதிலிருந்து ஒருங்கிணைந்த சேவை மையங்கள் வந்தன, 181 உதவி எண் வந்தது. சென்னை உட்பட 8 பெருநகரங்களுக்குப் பாதுகாப்பான நகரத் திட்டம் வந்தது. அந்தத் திட்டத்துக்குக் கேமரா வாங்குவது அரசுக்கு எளிது. டெண்டர் விடலாம், கம்பத்தில் மாட்டலாம், திறப்பு விழாவும் நடத்தலாம். ஆனால் குடும்ப வன்முறை நடப்பது சமையலறையில். எந்தக் கம்பத்துக் கேமராவும் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை.

பாலியல் குற்ற வழக்குகளுக்காக 2019-இல் வந்த விரைவு சிறப்பு நீதிமன்றத் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1,023 நீதிமன்றங்கள், முதலில் ஒதுக்கிய தொகை 767.25 கோடி. வகுத்துப் பார்த்தால் ஒரு நீதிமன்றத்துக்கு ஆண்டுக்கு 75 லட்சம். ஒரு நீதிபதி, 7 ஊழியர்கள், ஆண்டுக்கு 165 வழக்குகளை முடிக்க வேண்டும் என்ற இலக்கு. கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் டி.என்.ஏ. அறிக்கை வராவிட்டால் அந்த நீதிபதி என்ன செய்வார்? வாய்தா போடுவார். தடய அறிவியல் ஆய்வகத்தில் ஆள் பற்றாக்குறை என்றால், அது இந்த 75 லட்சத்துக்குள் அடங்காத சங்கதி. அரசு வழக்கறிஞர் பல வழக்குக் கட்டுகளோடு வந்து நிற்கிறார் என்றால் அதுவும் அப்படியே. இடையில் சாட்சி சலித்துப்போகிறார், அல்லது வீட்டார் அவரைச் சமாதானப்படுத்திவிடுகிறார்கள். கடைசியில் பிறழ்சாட்சி என்று பெயர் வாங்குவதும் அவர்தான்.

இதைவிட எனக்கு உறுத்துவது குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், 2005. காலக்கெடுவில் மிகக் கறாரான சட்டம் அது. மனு கிடைத்தால் சாதாரணமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயற்சி. நீதித்துறை நடுவர் தரும் நோட்டீஸைப் பாதுகாப்பு அலுவலர் பொதுவாக 2 நாளுக்குள் எதிர்மனுதாரரிடம் சேர்ப்பிக்க வேண்டும். அந்த அலுவலர் யார்? பல மாநிலங்களில் மாவட்டத்துக்கு ஒருவர், அவரும் பெரும்பாலும் வேறொரு வேலையில் இருந்துகொண்டு கூடுதல் பொறுப்பாக இதைப் பார்ப்பவர். குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவது, பெண்ணுக்குத் தங்குமிடம் தேடுவது, மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்வது எல்லாம் அவர் தலையில்தான். எதிர்மனுதாரர் மாவட்டத்தின் மறுகோடியில் இருந்தால், இரண்டு பஸ் மாறிப் போய், வீடு பூட்டியிருந்தால் திரும்பி வர வேண்டும். வண்டி கிடையாது, டிக்கெட் காசு எந்தத் தலைப்பில் வரும் என்பதும் தெளிவில்லை. 2 நாள் கெடு இங்கேயே உடைகிறது. கெடுவை எழுதிய நாடாளுமன்றம் அதற்கான செலவைக் கூடவே எழுதவில்லை. அலுவலரை நியமிக்கும் கடமையை மாநிலங்களிடம் விட்டுவிட்டது.

சட்டம் நடைமுறைக்கு வந்து ஏறத்தாழ 19 ஆண்டுகள் கழித்து, 2025 மே மாதம், மாவட்ட, வட்ட அளவில் பாதுகாப்பு அலுவலர்களை அடையாளம் கண்டு நியமிக்குமாறு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது. நல்ல உத்தரவுதான். ஆனால் ஏற்கெனவே இருக்கும் அலுவலருக்கு இன்னொரு பெயர்ப்பலகை மாட்டினால் உத்தரவு நிறைவேறிவிட்டது என்று கோப்பை மூடிவிட முடியும். நான் அஞ்சுவது இதற்குத்தான்.

ஆகவே கட்டுரையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒதுக்கீடு எத்தனை கோடி என்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் சம்பளமாக எவ்வளவு போனது, பயணப்படி யாருக்குக் கிடைத்தது, சாட்சிக்குப் படி கொடுத்தார்களா, செலவாகாமல் திரும்பிய தொகை எந்தத் துறையுடையது என்று தோண்டுங்கள். தகவல் உரிமை மனு போட்டால் இவற்றில் பாதியாவது கிடைக்கும். மறுத்தால் அந்த மறுப்பையும் கட்டுரையில் சேருங்கள். பணத்தைப் பற்றிய அந்த ஒரே கட்டுரையை நாளை மாலைக்கு வைத்திருக்கிறார்கள். அமைப்பாளர்கள் இசைந்தால் அதையே இன்று முதலில் கேட்போம். கட்டுரையாளரை மேடைக்கு அழைக்கிறேன்.