நெற்றிக் கோடுகளும் நம் பார்வையும்

(வானொலியில் வழங்கிய மறையுரையின் எழுத்து வடிவம்)



சில வாரங்களுக்கு முன் மாலைத் திருப்பலி முடிந்த பிறகு ஒரு சகோதரி நம்மைப் பார்க்க வந்தார். வயது முப்பத்தெட்டு. கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறவர். அவர் பேசியது ஒப்புரவு அருளடையாளத்தில் அல்ல, பங்கு இல்லத்துத் திண்ணையில். அவருடைய சம்மதத்தோடும், யாரென்று தெரியாதபடி சில விவரங்களை மாற்றியும்தான் இன்று இதைச் சொல்கிறோம்.

“ஃபாதர், நெத்தியில சுருக்கம் போக ஊசி போட்டுக்கிட்டா பாவமா?” என்று கேட்டார்.

நமக்கு முதலில் சிரிப்பு வந்தது. அதை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். அடுத்த நொடியே சிரிப்பு அடங்கியும் விட்டது. ஏனென்றால் பங்குத் திருவிழா படத்துக்காக மீசைக்குச் சாயம் குழைத்த கிண்ணம் நம் குளியலறை ஜன்னலில் அப்போதும் கழுவாமல்தான் கிடந்தது. ஐம்பது தாண்டிய குருவானவர் மீசையைக் கறுப்பாக்கலாம், முப்பத்தெட்டு வயதுப் பெண் நெற்றியைப் பற்றிக் கேட்டால் மட்டும் சிரிப்பா? ஆகவே உட்காரச் சொல்லி, முழுவதையும் கேட்டோம்.

அன்பானவர்களே, அந்த ஊசியைப் பற்றி முதலில் தெரிந்துகொள்வோம். தெரியாத ஒன்றைப் பாவம் என்றோ பரவாயில்லை என்றோ சொல்வது மேய்ப்பனுக்கு அழகல்ல. மக்கள் பொதுவாகப் போடாக்ஸ் என்று சொல்லும் இந்த மருந்து, கெட்டுப்போன உணவில் உண்டாகக்கூடிய கடும் நஞ்சிலிருந்து வருவது. 1820-களில் ஜெர்மனியில் யுஸ்டினுஸ் கெர்னர் என்ற மருத்துவர், கெட்ட இறைச்சிக் குழல்களைத் தின்று கைகால் தளர்ந்து இறந்தவர்களைப் பற்றி விரிவாக எழுதினார். 1895-இல் பெல்ஜியத்தில் ஓர் அடக்கச் சடங்குக்கு வாசிக்க வந்த இசைக் குழுவினர் கெட்ட பன்றி இறைச்சி உண்டு நோயுற்றபோது, அதற்குக் காரணமான நுண்ணுயிரி கண்டுபிடிக்கப்பட்டது. நரம்பு தசைக்கு அனுப்பும் கட்டளையை இந்த நஞ்சு தடுத்துவிடுகிறது. அதனால் தசை சுருங்காது.

அதே நஞ்சை மிக மிகச் சிறிய அளவில் எடுத்து மருந்தாக்கினார்கள். மாறுகண் உள்ளவர்களுக்கும், கண் இமை தானாக இறுக மூடிக்கொள்ளும் நோய் உள்ளவர்களுக்கும் தர அமெரிக்காவில் 1989-இல் அனுமதி கிடைத்தது. தீராத ஒற்றைத் தலைவலிக்கும், மூளை முடக்குவாதத்தால் கைகால் விறைத்த குழந்தைகளுக்கும் இன்று இது பயன்படுகிறது. ஆகவே மருந்தைப் பிசாசு என்று சொல்லிவிட முடியாது.

சுருக்கத்துக்கு இது வந்த கதை சுவையானது. 1987-இல் கனடாவின் வான்கூவர் நகரில் ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவர் இமை நோய்க்காக ஊசி போட்டுவந்தார். ஒரு நோயாளி, “இந்த முறை புருவத்துக்கு நடுவில் ஏன் போடவில்லை? அங்கே போட்டால் என் முகம் அமைதியாகத் தெரிகிறதே!” என்ற பொருளில் குறைபட்டுக்கொண்டாராம். ஜீனின் கணவர் தோல் மருத்துவர். இருவரும் சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2002-இல் புருவத்துக்கு இடையிலான கோடுகளுக்கு இதைப் போட அமெரிக்கா அனுமதி தந்தது. இன்று மதுரையிலும் கோவையிலும் விளம்பரப் பலகைகளில் பார்க்கிறோம்.

போட்ட சில நாள்களில் பலன் தெரியும். மூன்று நான்கு மாதங்களில் மறையும். வேண்டுமென்றால் மறுபடியும் போட வேண்டும். அதாவது, ஒரு முறை செலவு செய்து முடித்துவிடக்கூடிய காரியம் அல்ல.

இனி, அந்தச் சகோதரியின் கேள்விக்கு வருவோம். பாவமா?

விவிலியம் அழகைப் பகைக்கவில்லை. எஸ்தர் அரசரிடம் போகுமுன் பன்னிரண்டு மாதம் நறுமண எண்ணெய்களால் அழகுபடுத்தப்பட்டார். கைம்பெண்ணான யூதித்து, தம் மக்களைக் காப்பாற்றப் புறப்பட்டபோது கைம்பெண் உடையைக் களைந்து, குளித்து, நறுமணத் தைலம் பூசி, கூந்தலை வாரி, அணிகலன்களை அணிந்துகொண்டார். நோன்பு இருக்கும்போது முகத்தை விகாரமாக வைத்துக்கொள்ளாமல் கழுவிக்கொள்ளும்படி நம் ஆண்டவரே கற்பித்தார்.

திருச்சபையும் இதைப் பற்றி மௌனமாக இருந்ததில்லை. திருத்தந்தை 12-ஆம் பயஸ் 1958 அக்டோபர் 4 அன்று, இறப்பதற்கு ஐந்து நாள்களுக்கு முன், உடலமைப்பைச் சீர்செய்யும் அறுவை மருத்துவர்களைச் சந்தித்துப் பேசினார். உடலழகு ஒரு நன்மையே, ஆனால் அது மேலான நன்மைகளுக்குக் கீழ்ப்பட்டது என்றும், இத்தகைய சிகிச்சை நல்லதா தீயதா என்பது நோக்கத்தையும் சூழ்நிலையையும் பொறுத்தது என்றும் விளக்கினார். போடாக்ஸ் கடைக்கு வருமுன்னரே சொன்ன அந்த வழிகாட்டல் இன்றும் போதுமானது.

ஆகவே அந்தச் சகோதரியிடம், “ஊசி தன்னிலே பாவமல்ல, அம்மா” என்றோம். “ஆனால் மூன்று கேள்விகளுக்கு நீங்களே பதில் சொல்லிப் பாருங்கள்.”

முதல் கேள்வி, உடல்நலம். தோல் மருத்துவரோ உடலமைப்பு அறுவை மருத்துவரோதான் போட வேண்டும். அழகு நிலையத்தில் குறைந்த விலைக்குக் கிடைக்கிறது என்று போய்விடக் கூடாது. இடம் தவறினால் கண் இமை தொங்கிவிடலாம், சரியாகச் சில வாரங்கள் ஆகும். கருவுற்றவர்களும் பாலூட்டும் தாய்மாரும் தசைத் தளர்ச்சி நோய் உள்ளவர்களும் தவிர்க்க வேண்டியது இது. கடவுள் தந்த உடலைக் காப்பது ஐந்தாம் கட்டளையின் பகுதி.

இரண்டாவது, பணம். “எந்தப் பணத்தில்?” என்று கேட்டோம். சற்று நேரம் பேசாமல் இருந்தார். மகளின் பிளஸ் டூ படிப்புக்காகக் கட்டிய சீட்டுப் பணம் என்றார். மாதாமாதம் வயிற்றைக் கட்டிச் சேர்த்தது. நான்கு மாதத்துக்கு ஒரு முறை அதில் கை வைத்தால் மகளுக்கு என்ன மிஞ்சும் என்பதை அவரே விரலை மடக்கிக் கணக்குப் பார்த்தார். நாம் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை.

மூன்றாவது, “யாருக்காக?”

அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. சென்ற சீசனில் மேலாளர் அவரைக் கூப்பிட்டு, “நீங்க எப்பவும் கோபமா இருக்கற மாதிரியே தெரியுது, விருந்தாளிங்க என்ன நெனைப்பாங்க? உள்ளே கணக்கு வேலைக்குப் போங்க” என்றாராம். உள்வேலைக்குப் போனால் விருந்தினர் தரும் அன்பளிப்பு நின்றுவிடும். குடும்பம் ஓடுவதே அதில்தான். புருவத்துக்கு நடுவே இருந்த இரண்டு கோடுகளை விரலால் தொட்டுக் காட்டினார். “இது கோபமில்லை ஃபாதர். அவர் ரெண்டு வருஷம் படுத்த படுக்கையா இருந்தப்போ வந்தது” என்றார். கணவரை அடக்கம் செய்து மூன்று ஆண்டுகள் ஆகின்றன. அந்தத் திருப்பலியை நிறைவேற்றியதும் நாம்தான். ஆனாலும் அந்தக் கோடுகளை நாம் அன்று வரை கவனித்ததில்லை.

அன்பார்ந்தவர்களே, இங்கே நமக்குள் ஒரு கேள்வி எழுந்தது. பாவம் எங்கே இருக்கிறது? ஊசியிலா, அந்தப் பெண்ணின் ஆசையிலா, அல்லது துயரத்தின் கோட்டைக் கோபம் என்று வாசித்து ஒருவரின் பிழைப்பில் கை வைக்கும் பார்வையிலா? பன்னிரண்டு ஆண்டு உழைத்தவரின் நேர்மையும் திறமையும் இருக்க, நெற்றியை அளவுகோலாக்குவது நீதிக்கு எதிரானது. நம் கேட்போரில் விடுதி நடத்துகிறவர்களும் கடை வைத்திருப்பவர்களும் உண்டு. தொழிலாளி மேசையில் வைக்கும் பொருள் அல்ல, கடவுளின் சாயல். இதை உங்கள் மனச்சான்றின் முன் வைக்கிறோம்.

மேலாளரை மட்டும் குற்றம் சொல்லி நாம் தப்பிக்கவும் முடியாது. ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நாம் முதலில் பேசுவது என்ன? “என்னக்கா, இப்படி வத்திப் போயிட்டீங்க?” “அதுக்குள்ள நரை விழுந்துடுச்சா?” “தங்கச்சி மாதிரி இல்லையே, நீங்க அம்மா மாதிரி இருக்கீங்க!” விளையாட்டாகச் சொல்கிறோம். கேட்டவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கண்ணாடி முன் நிற்கிறார். பிறகு அவர் ஏதாவது செய்துகொண்டால், “இந்த வயசுல இதெல்லாம் தேவையா?” என்று மறுபடியும் நாமே பேசுகிறோம். வாடினாலும் குற்றம், மலர்ந்தாலும் குற்றம் என்றால் அவர் எந்த முகத்தோடு ஆலயத்துக்கு வருவது?

சாமுவேல் இறைவாக்கினர் ஈசாயின் வீட்டுக்குப் போனபோது, மூத்தவன் எலியாபின் தோற்றத்தைப் பார்த்து அவன்தான் அரசன் என்று எண்ணினார். மனிதர் பார்ப்பது போல் தாம் பார்ப்பதில்லை என்று ஆண்டவர் அவரைத் திருத்தினார். அதற்காகக் கடவுள் முகத்தைப் பார்ப்பதே இல்லை என்று பொருள் அல்ல. காயினின் முகம் வாடியதைக் கண்டு, கொலை நடப்பதற்கு முன்பே அதன் காரணத்தைக் கேட்டவர் அவர். கடவுள் முகத்தைப் பார்ப்பது மதிப்பெண் போட அல்ல, உள்ளே இருப்பவரின் நிலையைக் கேட்டறிய. அந்தப் பார்வைதான் நமக்கு வேண்டும்.

நம் கொடைக்கானலின் சலேத் மாதா ஆலயம் உங்களுக்குத் தெரியும். ஆகஸ்ட் 15 திருவிழாவுக்கு மலையடிவாரத்திலிருந்தும் வருகிறீர்கள். 1846 செப்டம்பர் 19 அன்று பிரான்சு நாட்டு மலையில் மாடு மேய்த்த இரு பிள்ளைகள் அன்னையை முதலில் எப்படிக் கண்டார்கள்? இரு கைகளால் முகத்தை மூடி, உட்கார்ந்து அழுதவராகக் கண்டார்கள். விண்ணகத்தின் அரசியே கலங்கிய முகத்தோடு நம்மிடம் வரலாம் என்றால், நம் பெண்களின் கலங்கிய முகங்களுக்கும் நம் நடுவில் இடம் உண்டு.

2022 ஜூன் மாதம் முதுமையைப் பற்றிய மறைக்கல்வியில் திருத்தந்தை பிரான்சிஸ், இத்தாலிய நடிகை அன்னா மஞ்ஞானியை நினைவுகூர்ந்தார். தம் சுருக்கங்களை எடுக்க வேண்டாம், அவற்றைப் பெறப் பல ஆண்டுகள் ஆயிற்று என்று அவர் மறுத்துவிட்டதைச் சொன்னார். அழகான சொல். ஆனால் அது புகழ்பெற்ற நடிகையின் சொல். வேலை போய்விடுமோ என்று அஞ்சும் ஒரு கைம்பெண்ணிடம் அதை எடுத்த எடுப்பில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. முதலில் அவருடைய வேலைக்கு நாம் துணை நிற்க வேண்டும். பங்குப் பேரவையைச் சேர்ந்த இருவர் அந்த மேலாளரிடம் பேசியிருக்கிறார்கள். சீசன் முடியும் வரை வரவேற்பு மேசையிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார். அதற்குப் பிறகு என்ன என்பது இன்னும் முடிவாகவில்லை.

ஊசியைப் பற்றி அந்தச் சகோதரியும் இன்னும் முடிவெடுக்கவில்லை. சீட்டுப் பணத்தைத் தொடமாட்டேன் என்று மட்டும் உறுதியாகச் சொன்னார். மற்றதை அவருடைய மனச்சான்றுக்கும் கடவுளுக்கும் விட்டுவிட்டோம். புறப்படும்போது, “போட்டுக்கிட்டா கோவிலுக்கு வரலாம்ல ஃபாதர்?” என்று கேட்டார். அந்தக் கேள்விதான் நம்மை இன்று பேச வைத்தது.

வரலாம், அம்மா. கோட்டோடும் வரலாம், கோடில்லாமலும் வரலாம். நம் பங்குமக்களிடம் கேட்பது ஒன்றுதான். அடுத்த ஞாயிறு யாருடைய நெற்றியையும் ஆராயாதீர்கள். நற்கருணை வாங்கிவிட்டுத் திரும்பும்போது வழியில் பார்ப்பவரிடம், “எப்படி இருக்கீங்க?” என்று கேளுங்கள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை நில்லுங்கள்.

மன்றாடுவோமாக. எங்கள் முகங்களைப் படைத்த ஆண்டவரே, எங்கள் கண்களைக் கனிவாக்கும். உழைப்பாலும் துயராலும் களைத்த முகங்களில் உம் திருமகனின் முகத்தைக் காண எங்களுக்கு அருள்தாரும். எங்கள் ஆண்டவராகிய கிறிஸ்து வழியாக. ஆமென்.